வேலம்மாள் கொட்டாத வாளி

1

வலது தோள் இன்றைக்கும் வலிக்கிறது. பதினாலு வயதிலிருந்து மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரும் பலகை இழுத்த தோள். இந்தக் கதை அந்த வலியிலிருந்துதான் வந்தது, கற்பனையிலிருந்து அல்ல.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கடல் அன்று அமைதியாக...' அடித்துவிட்டேன். அமைதியாக இருந்ததா என்று யார் பார்த்தது? வேலை இருந்தது.

அடுத்தது: 'சூரை மீன் ஓடிக்கொண்டே இருக்கும், நின்றால் மூச்சு முட்டிச் சாகும்.' இது உண்மை. இதிலிருந்தே போகலாம்.

2

அனுமந்தைக்கு அந்தப் பக்கம் ஒரு இறால் பண்ணையில் வட்டத் தொட்டி கட்டிச் சூரை வளர்த்தார்கள். தொட்டிக்குள்ளேயே அது முட்டையிட வேண்டும். பதினோரு மாதம் ஆகியும் இடவில்லை. சித்திரைக்குள் முட்டை வராவிட்டால் தொட்டியை மூடிவிடுவோம் என்று பொறுப்பாளர் வினோதினியிடம் சொல்லிவிட்டார்கள்.

முப்பது வருடம் உப்பு வாரிய வேலம்மாள் அங்கே தொட்டி கழுவினாள். நிழலில் வேலை, அதற்காகவே வந்தாள். ஒரு சாயங்காலம் ஒரு மீனை மூன்று மீன்கள் துரத்தின. துரத்தியவற்றின் உடம்பில் கறுப்புப் பட்டைகள் ஏறியிருந்தன.

"இன்னாம்மா வினோதினி, பொண்ணு பாக்க வந்தவனுங்க மாதிரி சுத்தறானுங்க?"

"அஞ்சாவது தடவையா சுத்துதுங்கக்கா. முட்டையதான் காணோம்."

3

மறுநாள் காலை தண்ணீர்மேல் மெல்லிய ஏடு. தீனிக்குப் போடும் மத்தி மீனின் எண்ணெய் அப்படித்தான் படியும். அதைத் துணிவலையால் வழிப்பது பம்ப்காரன் வேலை.

[இங்கே பம்ப்காரன் வருகிறான். பெயர் ஜெயப்பிரகாஷ். இவன் தேவையா? மூன்று வரைவுகளில் இவனை எடுத்துவிட்டேன். எடுத்தால் கதை சுத்தமாக ஓடுகிறது. அதுதான் உறுத்துகிறது.]

"யக்கா, தோளு வலிக்குது. நீயே வழிச்சிடேன்."

"உனக்கு என்னிக்குடா வலிக்கல? போ, போய் டீ குடி."

வழித்ததைக் கால்வாயில் கொட்ட வேண்டும். வேலம்மாள் கொட்டவில்லை. உப்பளத்துக்காரர்கள் உப்புத் தண்ணீரைத் தரையில் கொட்டுவதில்லை. அடுத்த பாத்திக்குத்தான் விடுவார்கள். அந்தக் கைப்பழக்கத்தில், துணியைக் கடல்தண்ணீர் வாளியில் அலசி ஓரமாக வைத்தாள்.

வினோதினி வந்தாள். தொட்டியைப் பார்த்தாள். துணியில் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள்.

"ஐயோ அக்கா, அது முட்டை!"

"முட்டைன்னா அடியிலதான கெடக்கும்?"

"இது மெதக்கும்க்கா. எங்க கொட்டினீங்க?"

"கொட்டல. தோ, வாளியில இருக்குது."

வினோதினி வாளியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

4

முடிவு ஒன்று: வேலம்மாளுக்குப் பண்ணை வாசலில் மாலை போட்டார்கள். (எழுதிப் பார்த்தேன். என் கையே கூசியது.)

முடிவு இரண்டு: முட்டைகள் செத்தன. இதுவும் பொய். மறுநாளே கண்ணாடித் துணுக்குகள்போல் குஞ்சுகள் நீந்தின. தொட்டியை மூடவில்லை. அந்த வாளிக்கு நன்றி.

நடந்தது இது. "யார் கை வெச்சது?" என்றார் மேனேஜர்.

வினோதினி சொன்னாள்: "மேல மெதக்கறத நான் வர்ற வரைக்கும் தொடக்கூடாதுன்னு நேத்தே ஜெயப்பிரகாஷ்கிட்ட சொன்னேன் சார்."

"நீ வேலம்மாகிட்ட சொன்னியா?"

ஜெயப்பிரகாஷ் ஆமென்று தலையாட்டினான். வேலம்மாள் அவனை ஒரு தடவை பார்த்தாள்.

"சொன்னான் சார். நான்தான் மறந்துட்டேன்."

தொட்டிப் பக்கமே வரக்கூடாது என்றார்கள். அவள் பழையபடி வெயிலுக்கு, பாத்திக்குப் போய்விட்டாள்.

ஜெயப்பிரகாஷ் நான் வைத்த பெயர் இல்லை. என் பெயர்.

5

நேற்று உப்பளத்தில் அவளைப் பார்த்தேன்.

"குஞ்சு பெருசாச்சாடா?"

"வெரல் நீளம் இருக்குதுக்கா."

சிரித்தாள். வேறெதுவும் கேட்கவில்லை.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மேனேஜர் அறைக்கு நான் போனேன் என்றோ, மறுபடி டீ குடிக்கப் போனேன் என்றோ. என் வேலை அவள் காப்பாற்றிக் கொடுத்தது. கதையும் அவள் கொடுத்தது. நன்றியை எழுதிவிட்டேன். 'நான் அவங்ககிட்ட சொல்லவே இல்ல சார்' என்ற ஒரு வாக்கியம் மட்டும் வேலம்மாளுக்கு இன்னும் பாக்கி.