மூன்று விரல் கை

தார்ப்பாயின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தாள் சுல்மா. பழைய இறைச்சி ஆலையின் வாசலில் மறுநாள் திறக்கவிருந்த வெண்கலச் சிலை அது: இறைச்சி டப்பா ஒன்றைப் பிடித்தபடி, கல் பீடத்தின் மேல் ஆளுயரத்துக்கு நிமிர்ந்த ஒரு கை. தலைநகரத்துச் சிற்பி அவளுடைய வலக்கையைத்தான் அச்செடுத்துப் போயிருந்தார். ரேகைகள், கட்டைவிரல் தழும்பு, எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் ஐந்து விரல்கள்.

சுல்மாவுக்கு மூன்றுதான். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பத்தொன்பது வயதில் டப்பாவுக்கு மூடி அடிக்கும் இயந்திரம் எடுத்துக்கொண்டது.

நகராட்சியின் மில்டன் அருகில் நின்று நாற்காலி போடவைத்துக்கொண்டிருந்தான்.

“தம்பி, இது யார் கை?”

“உங்களதுதான், டோன்யா சுல்மா. நாங்கதான் கொஞ்சம் நிறைவா செய்யச் சொன்னோம். பள்ளிக்கூடப் பிள்ளைங்க வருவாங்க, வெளியூர்க்காரங்க வருவாங்க. பார்த்தா பெருமையா இருக்க வேண்டாமா? உங்களுக்கும் சந்தோஷமா இருக்கும்னு நினைச்சோம்.”

சந்தோஷமாகத்தான் இருந்தது, அதுதான் அவளைக் குத்தியது. கல்யாணப் படத்தில் பூச்செண்டுக்குப் பின்னால் ஒளிந்த கை. ரொட்டிக் கடையில் என்றுமே முன்னால் நீளாத கை. யாரோ அதை முழுதாக்கித் தந்துவிட்டார்கள். அந்த நீண்ட விரல்களை அவள் ஆசையோடு பார்த்தாள். அழகான விரல்கள், ஒரு நாளும் வேலை செய்யாதவை.

அவள் வெட்கத்தால் ஒளித்தாள். இவர்கள் எதற்காக ஒளிக்கிறார்கள்? அன்று அந்த இயந்திரத்தை யாரும் நிறுத்தி வைக்கவில்லை. மேற்பார்வையாளர் ரத்தத்தைத் துணியால் துடைத்துவிட்டு, இன்னொருத்தியை அவள் இடத்தில் நிறுத்தினார். அந்த நேரத்து டப்பாக்களும் லண்டனுக்குக் கப்பலேறின.

அவள் நேராக எல்பியோவின் வீட்டுக்குப் போனாள். ஆலையில் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்தவன், அவள் வயதுக்காரன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவளிடம் மாத்தே தேநீர்க் குவளையை நீட்டினான்.

“உன் ரெண்டு விரலும் லண்டன்ல ஒரு துரை வயித்துக்குள்ள போயிடுச்சுன்னுல்ல நினைச்சேன். திரும்பி வந்துடுச்சா?”

“வந்திருக்கு. வெட்டணும். உன் மெஷினை எடு.”

“ஜெயில்ல மாத்தே தருவாங்களா?”

“நீ போடுறதைக் குடிக்கிறதுக்கு ஜெயிலே தேவலாம்.”

ஊர் மதியத் தூக்கத்தில் இருந்தபோது அவர்கள் தார்ப்பாயை இழுத்துப் போட்டார்கள். எல்பியோ ஏணியில் ஏறினான். வெட்டும் இயந்திரத்தின் அலறலில் தெருவின் சன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மில்டன் சட்டைப் பொத்தான் போடாமல் ஓடி வந்தான்.

“உங்க கையை நீங்களே வெட்டுறீங்களா?”

“அது எப்பவோ வெட்டுனது, தம்பி. நீங்கதான் ஒட்டிட்டீங்க.”

“போலீஸைக் கூப்பிடுவேன்.”

“கூப்பிடு. இன்ஸ்பெக்டரோட அம்மா எனக்குப் பக்கத்து மெஷின்லதான் நின்னா. அவனே ஏணியைப் பிடிப்பான்.”

சன்னல்களில் சிரிப்பு எழுந்தது. முதல் விரல் கல்லில் விழுந்து மணி போல ஒலித்தது. பிறகு இரண்டாவது. இரண்டும் உள்ளே வெற்றுக் குழாய்கள். வெட்டிய இடம் மட்டும் பிசிறு பிசிறாக, மஞ்சளாகப் பளபளத்தது. மீதமிருந்த மூன்று விரல்களும் டப்பாவை விடவில்லை.

மில்டன் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தான். குரல் தணிந்திருந்தது. “அந்த ஓட்டையையாவது அடைச்சு, மெருகு போட்டுடலாமே?”

“என்னோடதுக்கு யார் மெருகு போட்டாங்க?”

அவள் கீழே கிடந்த விரல்களைத் தூக்கி அவன் கைகளில் வைத்தாள்.

“இது உங்களோடது. எடுத்துட்டுப் போ.”

அவன் போகவில்லை, பச்சைக் குழந்தையை ஏந்தியவன் போல விழித்தபடி நின்றான். சுல்மா முதல் வரிசை நாற்காலி ஒன்றைச் சிலையின் அடியில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மறுநாள் விழா முடியும்வரை எழுந்திருப்பதாக இல்லை. வலக்கையை, எல்லோரும் பார்க்கும்படி, மடியில் விரித்து வைத்துக்கொண்டாள்.