இரண்டு மில்லி

…அவளுக்கு எதற்கு இரண்டு மில்லிமீட்டர் கனம், ஒன்று புள்ளி ஆறு போதும், கூரைத் தகட்டைப் பிடித்துக்கொண்டால் சரி, வைத்தி தில்லி மாயாபுரி இரும்புக் கடையில் குனிந்து, கூரை தாங்கும் பர்லின் சட்டத்தின் விளிம்பை நகத்தால் சுரண்டினார், பூச்சு உரியவில்லை, நல்ல சரக்கு, மொட்டைமாடி அறை ஒன்றுக்கு இசட் வடிவச் சட்டம் எதற்கு, சி போதும், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரி செங்கம்மா படுக்கும் இடம்தானே, யாருக்கென்று மகன் ஷங்கர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை, இதைக் கேட்கவா வேண்டும், குவார்ட்டர்ஸ் கட்டும் இலாகாவில் இருந்தவரை ஆளின் கிரேடு தெரிந்தால் சுவரின் கனம் தெரிந்துவிடும் இவருக்கு… நீங்களே பாத்துச் சொல்லுங்கோப்பா என்று கூட்டி வந்திருக்கிறான், ரிட்டையரான பிறகு உப்பு போதுமா என்றுகூட இவரை யாரும் கேட்டதில்லை. ஜன்னல் வைத்தால் சுவரில் கூடுதலாக நாலு சட்டம், வேண்டாம், தகட்டுக்கு அடியில் சூடு இறங்காமல் கண்ணாடிப் பஞ்சு, அதுவும் வேண்டாம். அங்கிள்ஜி, ஜூன்ல தந்தூர் பன் ஜாயேகா, ரொட்டி அடுப்பாகவே ஆகிவிடும், என்றார் கடைக்காரர். பன்னே தோ பையா, ஆகட்டுமே, செங்கம்மா அதுலயே ரொட்டி சுட்டுக்கட்டும், என்றார் இவரும் இந்தியிலேயே. கடைக்காரர் சிரித்தார், வேலைக்காரிக்குத்தான் அறை என்பது அவருக்கும் புரிந்திருந்தது, ஷங்கர் ஏன் சிரிக்கவில்லை, அப்பாவின் நகைச்சுவைக்கு அவன் எப்போது சிரித்தான்…

அப்போது ஷங்கரின் போன் அடித்தது, லாரி இரைச்சலில் ஸ்பீக்கரைப் போட்டான், மருமகள் ஜ்யோத்ஸ்னாவின் குரல், ஷங்கர், அப்பா கட்டில் மாடிப்படி வளைவுல திரும்புமா, ஜல்தி வந்து அளந்து சொல்லு, அவன் ஸ்பீக்கரை அணைத்தான், முதுகைக் காட்டிக்கொண்டு நகர்ந்தான், அச்சா, அச்சா, அப்புறம் பேசறேன்… தன் கட்டில், மொட்டைமாடிக்கு. திரும்பாது, தலைமாட்டைக் கழற்ற வேண்டும், இவருக்குத் தெரியும், வாங்கியவரே இவர்தான். ஜன்னல் இல்லாத சுவர், மேற்குப் பக்கம், சாயங்கால வெயில் முழுக்க.

தமிழ் தெரியாத கடைக்காரர் இரண்டு மில்லியும் தயாராக இருக்கிறது, போட்டுவிடவா என்று இந்தியில் கேட்டார். ஷங்கர் திரும்பி நின்று அப்பாவின் வாயைப் பார்த்தான். இரண்டு என்று ஒரு வார்த்தை, ஜன்னல் என்று இன்னொன்று, சொன்னால் காதில் விழுந்துவிட்டது என்றாகும், மாடிக்குப் போகச் சம்மதம் என்றும் ஆகும், செங்கம்மாவுக்கு வேண்டாதது தனக்கு வேண்டும் என்றும்… நஹி, ஒன்று ஆறே போதும், என்றார், குரல் இலாகாவில் இருந்ததைப் போலவே இருந்தது. ஷங்கர் மூச்சு விட்டான். அவன் தடுப்பான் என்று இவர் நினைத்திருந்தாரா, அப்பா, ஒரு ஜன்னலாவது வச்சுக்கோங்கோ என்று… வெட்டும் மிஷின் ஓடத் தொடங்கியது, தீப்பொறி செருப்பு வரை வந்தது, அப்படியானால் இனி செங்கம்மா எங்கே படுப்பாள், குழந்தைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமென்று கீழே என் அறையிலா, வேப்பமரம் தெரிகிற அந்த ஜன்னலோரமா?