உள் தாழ்ப்பாள்

காலை பத்தேகால். டிராவல்ஸ்காரரின் கடைக்கு அன்று முதலில் வந்தவர் ஒரு டீச்சர். அவருடைய மகள் பயிற்சிக்காக வெளிநாட்டுப் பெருநகரம் ஒன்றுக்குப் போகிறாள்.

"தனியாப் போறா. ஊரு எப்படிங்க?"

இந்தக் கேள்விக்கு வாய்க்கு வந்ததைச் சொல்பவரில்லை டிராவல்ஸ்காரர். போய் வந்தவர்களை ஒருவர் விடாமல் விசாரிப்பார். ஓட்டல்காரர்களைப் போனில் துளைத்தெடுப்பார்.

"கடைசி ரயில்லகூட பொம்பளைங்க தைரியமா வர்றாங்க. தெருவுல நல்ல வெளிச்சம். கூட்டத்துல கைப்பை மட்டும் பத்திரம். ரூம் கதவுக்கு உள் தாழ்ப்பாள் இருக்கான்னு கேட்டேன், இருக்கு. அது இல்லாத இடத்துக்கு நான் யாரையும் அனுப்புறதில்ல."

"பல்லியப் பாத்தாலே ஊரைக் கூட்டுவா அவ."

"பல்லிக்கெல்லாம் விசா தர மாட்டாங்க டீச்சர்."

டீச்சர் சிரித்தபடி போனார். சுவரோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த டிராவல்ஸ்காரரின் மகள் டீச்சர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். இடது மணிக்கட்டில் புதுக் கட்டு.

நான்கு வருடம் முன்பு அதே நகரத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. "முன்னப்பின்ன தெரியாத ஊர்ல பொண்ண விட்டுட்டு எனக்கு எப்படித் தூக்கம் வரும்?" என்று அப்பா தடுத்தார். அடுத்த தெருவிலேயே மாப்பிள்ளை பார்த்தார். தெரிந்த குடும்பம். எதையும் விசாரிக்கவில்லை.

"மறுபடியும் சண்டையாம்மா? எந்த வீட்டுலதான் இல்ல. கொஞ்சம் அனுசரிச்சுப் போ."

அவள் வரும்போதெல்லாம் அவர் சொல்வதுதான். சொல்லிவிட்டு டீ வாங்கிக் கொடுப்பார். பிறகு ஸ்கூட்டரில் கணவன் வீட்டில் கொண்டுபோய் விட்டு வருவார்.

"அவரு அடிக்க வந்தா பாத்ரூம்ல போய்த் தாழ்ப்பாள் போட்டுக்குவேன்ப்பா. நேத்து அதையும் கழட்டிட்டாரு."

அவர் மேசைமேல் கிடந்த பேனாவை நகர்த்தினார். திரும்பவும் நகர்த்தினார்.

"இவ்வளவு தூரம்னு சொல்லவே இல்லையேம்மா."

"ஒவ்வொரு தடவையும் சொன்னேன். டீச்சர் பொண்ண நீங்க பாத்ததுகூட இல்ல. அவளுக்காகக் கடல் தாண்டிப் போன் போட்டுக் கதவை விசாரிச்சீங்க. என் வீடு நடந்து போற தூரம்ப்பா."

அவர் கட்டுப் போட்ட அவள் மணிக்கட்டைப் பார்த்தார்.

"தூரத்து ஊருதான் ஆபத்துன்னு இருந்துட்டேன்மா. பொண்ணு பயந்து ஒளியிற வீட்டைவிட ஆபத்தான ஊரு எங்கயும் இல்ல. அங்க அவளத் திருப்பி அனுப்புறவனும் அடிக்கிறவனோட கூட்டாளிதான்."

எழுந்தார். பழக்கதோஷத்தில் கை ஸ்கூட்டர் சாவியை எடுத்தது.

அவள் எழவில்லை. நல்ல கையால் நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தத் தடவை எங்கப்பா கொண்டுபோய் விடப்போறீங்க?"