நிலுவையின்மைச் சான்று

எங்கள் கிளை நூலகத்தில் புத்தகம் எடுத்துத் திருப்பாமல் வைத்திருப்பவரைத் தொலைக்காட்சித் தொடரில் சாகடிக்க முடியாது. விதி அப்படி. வாசிப்பறை டிவியில் புதன்கிழமை மாலை விண்கப்பல் தொடர் ஓடும். அதில் வாரம் ஓர் ஆள் சாகவேண்டும். எப்போதும் கப்பலின் கீழ்த்தளத்து எஞ்சின் தொழிலாளிதான். அதற்கு முன்பு நூலகரான நான், 'இவர் பெயரில் புத்தகம் நிலுவையில் இல்லை' என்று சான்று எழுதி முத்திரை வைக்கவேண்டும். பதினோரு வருடமாக வைக்கிறேன், வேறென்ன செய்ய.

செவ்வாய்தோறும் கீழ்த்தளத்துக்காரர்கள் டிவியிலிருந்து இறங்கி வந்து புத்தகம் தேடுவார்கள். மேல்தளத்திலிருந்து ஒருவர்கூட வந்ததில்லை. அவர்களுக்குத் தேவையும் இல்லை.

"ஆயிரம் வருஷம் கழிச்சு நடக்குற கதையாம். வெளிச்சத்தவிட வேகமாப் போறானுங்க. கீழ நின்னு வேகுறவன் மட்டும் அப்பவும் வெந்துக்கிட்டே இருக்கான்," என்பார் தோழர் மரியசூசை. மூடிப்போன மில்லில் சங்கச் செயலாளராக இருந்தவர். கோபம் வந்தால் டிவியைப் பார்த்தே பேசுவார்.

நூலகத்துக்குப் புதுப் புத்தகம் வந்து ஆறு வருடம் ஆகிறது. இருந்தவற்றைக் கரையான் தின்றதுபோக ஒன்றுதான் மிஞ்சியது: மோட்டார் பம்பு பழுதுபார்க்கும் கையேடு. அதை எஞ்சின் தொழிலாளி இருளாண்டி புதுப்பித்துப் புதுப்பித்து வைத்திருந்தார். மற்றவர்கள் வாரம் ஒருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தச் செவ்வாயன்று சுடலைவடிவு அதே புத்தகத்தைக் கேட்டுச் சீட்டு எழுதினாள். மறுநாள் சாகவேண்டியவள் அவள். இன்னொருவர் கேட்டுவிட்டால் புதுப்பிக்கக் கூடாது.

"எடுத்துக்க தாயி," என்று இருளாண்டி புத்தகத்தை நீட்டினார்.

"வேணாம்ணே. அப்புறம் நாளைக்கு நீங்க போயிருவீங்க."



"பொதுச் சொத்துதானே தோழர், பங்கு போடுங்க," என்றார் மரியசூசை.

புத்தகத்தின் முதுகைப் பிளேடால் அறுத்தேன். கீழ்த்தளம் முழுக்க இறங்கி வந்து வரிசையில் நின்றது. ஆளுக்கொரு தாள், தாளுக்கொரு தேதி முத்திரை. கடைசியாக மிஞ்சிய பொருளடக்கத் தாள் மரியசூசைக்குப் போனது.

"உங்களுக்கு?" என்றார்.

நூலகர் உறுப்பினராகக் கூடாது என்றேன்.

"அதுவும் விதியா? நல்லா இருக்கு போங்க," என்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

புதன் காலை தொடர்க்காரர்களிடமிருந்து கடிதம் வந்தது. கீழ்த்தளத்தில் நிலுவை இல்லாதவர் எவருமில்லை, நூலகத்தில் ஒருவர் இருக்கிறார் என்று எழுதியிருந்தார்கள். மேல்தளத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. கூடவே எஞ்சின் அறைத் தொப்பி ஒன்றை அனுப்பியிருந்தார்கள். போட்டுப் பார்த்தேன், அளவு சரியாக இருந்தது.

பதிவேட்டை முதலிலிருந்து புரட்டினேன். என் பெயரில் எதுவும் இல்லை. பயமாகத்தான் இருந்தது. சான்றில் என் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்தேன்.

மாலையில் செருப்பை டிவிக்கு அடியில் கழற்றிவிட்டு ஏறினேன். உள்ளிருந்து இருளாண்டி கை கொடுத்தார்.

"பாத்துக் கால வைங்கக்கா, தரை சுடும்."