ஹெக்ஸ்டுக்கு எதிரான பத்தாவது ஆட்டம்

பிராட்லி ஹெக்ஸ்டை நான் வெறுக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் ஏதோ நியாயம் பேசுகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

நெப்ராஸ்காவில் வில்லோ ஃபோர்க் கல்லூரி என்று ஒன்று. சுற்றிலும் சோளக்காடு, நடுவே நான்கு கட்டடம், ஒரு ஃபுட்பால் மைதானம். ஃபுட்பால் என்றால் எங்கள் ஊரில் முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதுதான், உதைப்பதெல்லாம் எப்போதாவது. நான் குவார்ட்டர்பேக். அதாவது பந்தை வாங்கி எறிகிறவன், மொத்த ஆட்டமும் யார் கையில் இருக்கிறதோ அவன். கேட்கப் பெருமையாக இருக்கும். ஆனால் வரிசையில் நான் நான்காவது. எனக்கு முன்னால் மூன்று பேருக்குக் கைகால் உடைந்தால்தான் என் முறை வரும். மூன்று வருடம் காத்திருந்தேன், ஒருத்தனுக்கும் சுளுக்குக்கூட வரவில்லை.

அதுவரை எனக்குக் கொடுத்த வேலை சைகை காட்டுவது. அடுத்து என்ன ஆடுவது என்று கோச் ஹெக்ஸ்ட் முடிவு செய்வார், அதை ஓரத்தில் நின்று கைச் சைகையால் மைதானத்துக்குள் சொல்ல வேண்டும். எதிராளி கண்டுபிடித்துவிடாமல் இருக்க மூன்று பேர் நின்று கையை ஆட்டுவோம். ஒருவனுடையதுதான் நிஜம், மற்ற இரண்டும் பொய். மூன்று வருடமும் நிஜம் நான்தான். காதைத் தொட்டால் இடப்பக்கம் ஓட்டம், தொப்பியைத் தட்டினால் நீளமான எறி, வயிற்றைத் தடவினால் நடுவில் முட்டிக்கொண்டு போவது. மொத்தம் அறுபத்தெட்டு சைகை. தூக்கத்தில்கூடக் கை ஆடும் என்று என் அறை நண்பன் புகார் சொல்லியிருக்கிறான்.

ஹெக்ஸ்ட் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. 'ஏய் கை' என்பார். வருடக் கடைசி விருந்தில் எல்லாருக்கும் கோப்பை கொடுத்துவிட்டு எனக்கு மட்டும், என்னைப் போலவே கையை விரித்துக்கொண்டு நிற்கிறது என்று, ஒரு கோட்டு மாட்டுகிற ஹேங்கரைக் கொடுத்தார். சபை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது.

அதைக்கூட விட்டுவிடுவேன். அப்பா விஷயத்தை விட முடியாது.

என் அப்பா மாநிலத்தின் மேற்கு மூலையில் சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்கு ஏற்றும் லாரி ஓட்டினவர். நுரையீரல் கெட்டு, மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு இருந்தார். என் மூன்றாம் வருடக் கடைசி ஆட்டத்துக்கு முன் ஹெக்ஸ்ட் அவரிடம் போனில் பேசினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். நாம் நிறைய முன்னணியில் இருந்தால் கடைசிக் கட்டத்தில் வாரனை இறக்குகிறேன், வந்து பாருங்கள் என்றார். வாரன் என்பது நான், வாரன் கோவாரிக். அன்றைக்குத்தான் அவர் வாயில் என் பேரைக் கேட்டேன். அப்பா சிலிண்டரைப் பக்கத்துச் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வைத்துக்கொண்டு ஏழு மணி நேரம் காரோட்டி வந்தார். நாங்கள் நாற்பத்தைந்துக்கு ஆறு என்று ஜெயித்தோம். கடைசிப் பத்து நிமிடம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஹெக்ஸ்டின் முழங்கை உரசுகிற தூரத்தில் நின்றேன். அவர் திரும்பவே இல்லை. கேட்டபோது, மறந்துட்டேன்பா என்றார்.

கார் நிறுத்துமிடத்தில் அப்பா கண்ணாடியை இறக்கி என்னிடம் சொன்னார்: "குளிர் ஜாஸ்தியா இருந்துச்சுல்ல, அதான் உன்ன எறக்கல போல. கை வெறச்சுப் போயிடும்ல." அந்த ஆளுக்காக என் அப்பா சாக்கு தேடிச் சொன்னார். மார்ச் மாதம் இறந்துபோனார்.

அதற்குள் ஹெக்ஸ்டும் எங்களை விட்டுப் போயிருந்தார். ஜனவரியில் ஒரு நாள் காலை எல்லாருடைய போனுக்கும் ஒரே செய்தி. டன்மோர் பல்கலைக்கழகத்தில் பெரிய வேலை கிடைத்துவிட்டது, உங்களோடு கழித்த நாட்களை மறக்க மாட்டேன். மறக்காத மனுஷன் எங்களில் நல்ல ஆட்டக்காரர்களாகப் பார்த்துப் பதினோரு பேரைக் கையோடு கூட்டிப் போய்விட்டார். முதல் குவார்ட்டர்பேக் ட்ரே மெக்கிண்டியும் அதில் ஒருத்தன். அவன் போனதில் நான் வரிசையில் மூன்றாவது ஆனேன், அவ்வளவுதான். அங்கே பேட்டியில், 'விட்டுட்டு வந்தது மிச்சம் மீதிதான்' என்று வேறு சொன்னார்.

அந்த மிச்சம் மீதியை மேய்க்க பெர்க்ஸ்ட்ரோம் வந்தார். ஊர்ப் பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவர், அறுபத்தாறு வயது, ஆட்டத்துக்கு நடுவில் தெர்மோஸில் சூப் குடிப்பார். நல்ல மனுஷன். நல்ல மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்ய? முதல் ஆட்டம் அறுபத்துமூன்றுக்குப் பூஜ்யம். இரண்டாவதில் எங்கள் பந்தை நாங்களே எதிராளியின் கையில் கொடுத்தோம், ஐந்து முறை. ஆறாவதில் மழை வந்து ஆட்டம் நிற்காதா என்று எங்கள் ஆட்களே வானத்தைப் பார்த்தார்கள். ஒன்பது ஆட்டம், ஒன்பது தோல்வி. அதில் நான்கு, அடுத்தவர்களின் ஹோம்கமிங் ஆட்டம். பழைய மாணவர்கள் ஊர்வலமும் வாத்தியமுமாகத் திரும்பி வருகிற நாளில் அவர்கள் முன்னால் தோற்கக் கூடாது என்பதற்காக ஒரு சோப்ளாங்கி டீமைக் கூப்பிடுவார்கள். அந்த வருடம் ஊர் ஊராகப் போய் நாங்கள்தான் அந்த சோப்ளாங்கி.

பத்தாவது ஆட்டம் டன்மோரில், ஹெக்ஸ்டின் மைதானத்தில். எல்லாரும் அக்டோபரில் வைக்கிற ஹோம்கமிங்கை அவர் நவம்பருக்குத் தள்ளி வைத்திருந்தார். எங்களுக்காகவே.

ஆட்டத்துக்கு முன் இரண்டு டீமும் தங்கள் பழைய ஆட்டப் படங்களை மாற்றிக்கொள்ள வேண்டும், அது விதி. டன்மோரின் படத்தை நானும் ஓட்டிஸ் ப்ராஸ்காவும் உட்கார்ந்து பார்த்தோம். ஓட்டிஸ் எங்கள் சென்டர். குனிந்து கால்களுக்கு நடுவே பந்தைக் குவார்ட்டர்பேக்குக்குத் தருகிறவன், நூற்றுமுப்பது கிலோ. முந்தைய வருடம் முட்டியில் ஜவ்வு கிழிந்த நிலையில் அவனை ஏழு ஆட்டம் ஆட வைத்தார் ஹெக்ஸ்ட். அதனால் படியேறும்போது இன்றும் கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏறுவான். அவனுக்கு இதுதான் வாழ்க்கையின் கடைசி ஆட்டம்.

மூன்றாவது நிமிடம் நான் படத்தை நிறுத்தினேன். தூரத்து ஓரத்தில் கையாட்டிய மூவரில் ஒரு பையன் தொப்பியைத் தட்டினான். உடனே ட்ரே நீளமாக எறிந்தான். அடுத்து காது, இடப்பக்கம் ஓட்டம். வயிறு, நடுவில் முட்டல். ஹெக்ஸ்ட் ஒரு சைகையைக்கூட மாற்றவில்லை. பதினோரு பேருக்குப் புதிதாகச் சொல்லிக் கொடுக்கச் சோம்பல். அதோடு, அதைப் படிக்கத் தெரிந்தவன் ஒருத்தன் இங்கே மிச்சமிருக்கிறான் என்பது அவர் நினைவிலேயே இல்லை. கையை மறந்துவிட்டார்.

ஓட்டிஸ் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் சொன்னேன்: "அந்தாள அவன் ஊர்க்காரன் முன்னாடியே உரிச்சுத் தொங்க விடறேன் பாரு."

கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்வது எங்கள் ஆட்டத்தில் தப்பில்லை. பெர்க்ஸ்ட்ரோம் விதிப் புத்தகத்தை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றார்.

அன்றைக்கு டன்மோரில் எட்டாயிரம் பேர். நான் ஓரத்தில் நின்று எதிர் ஓரத்தைப் பார்த்தேன். அந்தப் பையன் கையை ஆட்ட ஆட்ட எங்கள் தடுப்பாட்டக்காரர்களுக்கு, இடது, நடு, எறி என்று கத்தினேன். டன்மோர்க்காரர்கள் எங்கே ஓடினாலும் எங்கள் ஆள் முன்கூட்டியே நின்றான். ட்ரே எறிந்த இடத்திலெல்லாம் எங்கள் கை இருந்தது. இரண்டு எறியைப் பறித்தோம். ஹெக்ஸ்ட் ட்ரேயின் ஹெல்மெட் கம்பியைப் பிடித்து உலுக்கித் திட்டினார், துணைக் கோச்சைத் திட்டினார், நடுவரைத் திட்டினார். என் வயிறு குளிர்ந்தது. சைகை போய்விட்டது என்று ஒரு நிமிடம்கூட அவருக்குத் தோன்றவில்லை. மிச்சம் மீதிக்கு அவ்வளவு அறிவு இருக்கும் என்று எப்படித் தோன்றும்?

கடைசிக் கட்டத்தில் நாங்கள் இருபது, அவர்கள் பதினேழு. அவர்கள் பக்கத்து நாற்பது கஜக் கோட்டில் அவர்களுக்கு இருந்த கடைசி வாய்ப்பு. பையன் வயிற்றைத் தடவினான். நான் நடு என்று தொண்டை கிழியக் கத்தினேன். எங்கள் ஆறு பேர் நடுவில் போய் விழுந்தார்கள். பந்து எங்களுக்கு. மீதி பதினெட்டு விநாடி. ஆட்டத்தை நிறுத்தக் கேட்கும் உரிமையை ஹெக்ஸ்ட் எல்லாம் தீர்த்துவிட்டிருந்தார்.

இந்த இடத்தில் உலகத்தில் எல்லா டீமும் செய்வது ஒன்றுதான். குவார்ட்டர்பேக் பந்தை வாங்கி அங்கேயே ஒரு முட்டியைத் தரையில் வைப்பான். ஆட்டம் அதோடு செத்துவிடும், கடிகாரம் ஓடித் தீர்ந்துவிடும். ஐந்து வயதுப் பிள்ளை செய்யலாம்.

பெர்க்ஸ்ட்ரோம் என் தோளைப் பிடித்தார். அப்பா கதை அவருக்குத் தெரியும். "கோவாரிக், நீ போ," என்றார். "ஒண்ணும் பண்ணாத. பந்த வாங்கு, முட்டி போடு, எழுந்து வா. இது உங்கப்பாவுக்கு."

நான்கு வருடத்தில் முதல் முறையாக மைதானத்தின் ஓரக் கோட்டைத் தாண்டினேன். ஓட்டிஸ் என்னைப் பார்த்து அழுதுகொண்டே இளித்தான். எங்கள் பதினோரு பேரும் நெருக்கமாகச் சேர்ந்து நின்றோம். எதிரில் டன்மோர்க்காரர்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள். நான் எதிர் ஓரத்தைப் பார்த்தேன். ஹெக்ஸ்ட் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டிருந்தார் என்றுகூடப் பட்டது. முதுகு என் பக்கம்.

நான் மைதானத்துக்குள் நிற்கிறேன், அவர் பார்க்கவில்லை. அவரைத் தோற்கடித்தது யார் என்றே அவருக்குத் தெரியப்போவதில்லை. நாளைக்குப் பேப்பரில் மூன்று புள்ளியில் நழுவிய ஆட்டம் என்று போடுவார்கள், அவர் இரண்டு நாள் வருத்தப்படுவார், அவ்வளவுதான். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. வலப்பக்கம் முழுக்கக் காலியாகக் கிடந்தது. நாற்பது கஜம். கடந்தால் இன்னொரு டச்டவுன், ஆறு புள்ளி. அந்த மூஞ்சி திரும்பும்.

பந்து கைக்கு வந்தது. நான் முட்டி போடவில்லை, ஓடினேன்.

பதினைந்து கஜம் வரை யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கூட்டம் திடீரென்று எழுந்து நின்றதும் ஹெக்ஸ்ட் திரும்பினார், என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தபடி பார்த்தார். அதை நான் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஓடியதால் பின்னால் வந்தவனைப் பார்க்கவில்லை. முட்டாள், முட்டாள். பந்தை எப்படி இறுக்க வேண்டும் என்பது நிஜ ஆட்டத்தில் அடி வாங்கினவனுக்குத் தெரியும். எனக்குக் கை ஆட்டத்தான் தெரியும். பின்னாலிருந்து ஒரு குத்து, பந்து துள்ளியது. டன்மோர்க்காரன் ஒருத்தன் அள்ளிக்கொண்டு எங்கள் பக்கம் ஓடினான். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் வெற்றி என்று ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டிருந்தார்கள். கிழிந்த முட்டியோடு ஓட்டிஸ் மட்டும் துரத்தினான். எண்பது கஜம் துரத்தினான்.

இருபத்துமூன்றுக்கு இருபது. கடிகாரத்தில் பூஜ்யம்.

கை குலுக்குகிற வரிசையில் ஹெக்ஸ்ட் என் முன்னால் வந்து நின்றார். இந்த முறை என்னை நன்றாகப் பார்த்தார். என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, கிட்டே குனிந்து, மெதுவாகத்தான் சொன்னார்.

"அன்னைக்கு உன்ன ஏன் எறக்கலன்னு இப்பத் தெரியுதா?"

அடிக்கக்கூட எனக்குக் கை எழவில்லை. 

திரும்பி வர பஸ்ஸில் மூன்று மணி நேரம். பெர்க்ஸ்ட்ரோம் முன் சீட்டில் உட்கார்ந்து வெளியே சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார், சூப்பைத் திறக்கவில்லை. கல்லூரி வாசலில் இறங்கும்போது ஓட்டிஸ் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். முட்டி பானை மாதிரி வீங்கியிருந்தது. நான் தோள் கொடுக்கப் போனேன், தட்டிவிட்டான்.

"அந்தாளு மேல கோவம் உனக்கு மட்டும்தான்னு நெனச்சியாடா?" என்றான். "நாங்க நாப்பது பேர் இருந்தோம்டா."

அவன் ஒற்றைக் காலால் நொண்டிக்கொண்டு போய்விட்டான். ஹெக்ஸ்ட் மேல் எனக்கு இருக்கிற வெறுப்பில் இன்றுவரை ஒரு சொட்டுக் குறையவில்லை. ஆனால் அந்த நாற்பது பேரும் இப்போதெல்லாம் ஹெக்ஸ்டைத் திட்டுவதில்லை. என்னைத்தான் திட்டுகிறார்கள்.