முழங்காலில் நின்ற அரசன்

"இந்தக் கோடாலிக்காம்புத் துரோகிக்கு வேறை ஆளைப் பிடி. நான் பறங்கியை எதிர்த்த சங்கிலியனாத்தான் நடிப்பன்—"

"மாமா, ஒருக்காச் சொல்ல விடுங்கோ—"

"இருவது வருசமா வாளோடை நிண்ட என்னைப் பறங்கிக்கு முன்னாலை முழங்காலிலை நில்லெண்டால்—"

"—எதிர்மன்னசிங்கத்துக்குப் பறங்கியள் முடி வைச்சது உண்மைதானே."

சுவிட்சர்லாந்தின் ஓல்டன் தமிழ்ப் பள்ளி மண்டபத்தில் ஒத்திகை அதோடு நின்றது. விழாவுக்கு எட்டு நாள்தான் இருந்தது. முதியோர் இல்லத்து வேலை முடிந்து வந்து, இரண்டு குளிர்காலமாக உட்கார்ந்து வேணுகா எழுதிய முதல் நாடகம். போர்த்துக்கேயப் பறங்கியர் யாழ்ப்பாணத்து அரியணையில் ஏற்றிய எதிர்மன்னசிங்கத்தைத் தாங்கக் குகநாதனின் குரலை விட்டால் வேறு குரல் இல்லை. அவரோ இன்டர்லாக்கன் ரயிலுக்கு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டிருந்தார். வேணுகா விடவில்லை:

"பழைய அரசனை வெட்டிப்போட்டு இவரை இருத்தினவங்கள், ஓம். ஆனா பறங்கியோடை சண்டை பிடிச்ச கண்டிக்கு, இந்தியாவிலையிருந்து உதவிக்கு ஆக்கள் போனது இவரின்ரை கரையாலை. பறங்கி கேட்டால் தனக்கொண்டும் தெரியாதெண்டு நிண்டிருப்பார்."

"அது வீரமோ?"

"ஹோட்டல் குசினியிலை நீங்கள் செய்தது என்ன மாமா? செஃப் கேட்கேக்கை, 'அறையிலை நான் தனியத்தான்' எண்டு தலையைக் குனிஞ்சு நிண்டனீங்கள். உள்ளுக்கை விசா இல்லாத மூண்டு பேர். ஒராள் என்ரை அப்பா."

"ஆர் சொன்னது?"

"அப்பாதான். சாகிறதுக்கு முதல்."

குகநாதன் ஜாக்கெட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, பறங்கித் தளபதியாக நின்ற தவச்செல்வன் முன்னால் மெல்ல மெல்ல முழங்காலிட்டார்.

"உன் கரையால் ஆட்கள் போனார்களா?" தவச்செல்வன் தாளைப் பார்த்து வாசித்தான்.

"இல்லைப் பிரபு. எனக்கு இப்போது கண் அவ்வளவாகத் தெரிவதில்லை."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எத்தனையோ வருடம் குசினியில் நின்று பழகிய பணிவான சிரிப்பு. அந்தக் குனிந்த பிடரிக்குப் பின்னால் ஒரு கடற்கரையே ஒளிந்திருப்பதுபோல வேணுகாவுக்குத் தோன்றியது. வாளைச் சுழற்றிய இருபது வருடத்தில் ஒருநாளும் இந்த மனிதர் இவ்வளவு அரசராக இருந்ததில்லை. தளபதிக்கு அடுத்த வசனம் மறந்துபோயிற்று.

தவச்செல்வனின் கையைப் பிடித்து எழும்பியவர், காற்சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டியபடி கேட்டார்:

"அந்தக் கரையாலை போன ஆக்களிலை ஒராளாவது, பிறகு திரும்பி வந்து இவனைப் பார்த்ததோ, பிள்ளை?"