ஃப்ரீசருக்குப் போன ஊசி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு லிஃப்டில் கிடைத்தது. தொம்மலூரில் எதிர்வீட்டு லீனா, எங்கள் மாடி வருவதற்குள் பாதியைச் சொல்லிவிட்டாள். மீதிக்காக அவளை வீட்டுக்குள் இழுத்துக் காபி போட்டுக் கொடுத்தேன்.

முதல் வரி இப்படி வந்தது: ‘உடம்புக்குள் ஓயாமல் தூது ஓடுகிறது, அந்தத் தூதுக்கு’— [அடித்துவிட்டேன். பாடப்புத்தக வாடை.]

2

பொம்மசந்திராவில் ஒரு மருந்து ஆய்வகத்தில் சைட்டோகைன்களை அளப்பது லீனாவின் வேலை. ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் செய்திதான் சைட்டோகைன்; அதை வாங்கிக்கொள்ளும் வாசல், ரிசெப்டர். அவள் உடம்பிலேயே அப்படியொரு செய்தி அளவுமீறிப்போய் விரல் மூட்டுகளை வீங்கவைத்தது. சட்டைப் பித்தானைக்கூடக் கணவன் டேரில்தான் போட்டுவிட்டான். வாசலை அடைக்கும் ஊசி வந்தபிறகே விரல்கள் சொன்னபடி கேட்டன.

இரண்டு வாரத்துக்கொரு சனிக்கிழமை, ஊசியை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, சில்லிப்புப் போக அரை மணி நேரம் மேசையில் வைப்பார்கள். அதுவரை போன் கூடாது, சண்டை கூடாது, கேரம் மட்டும்.*

(*டேரில் பீன்யாவில் லேத் ஃபோர்மேன். ஆட்டத்தில் தோற்பது வேண்டுமென்றே அல்ல.)

3

[கொஞ்சம் விஞ்ஞானம். அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம்.] கரு கருப்பையில் ஒட்டுவதற்குத் துணைநிற்பதும் அதே குடும்பத்துச் செய்தி ஒன்றுதானாம். “கெடுக்கறதும் அந்தக் குடும்பம்தான், கொடுக்கறதும் அதுதான் அக்கா,” என்றாள் லீனா.

அவளுக்குக் குழந்தை வேண்டும். ஊசியை நிறுத்தி மூன்று மாதம் கழித்து முயலலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிறுத்தினால் விரல்? ‘இதுதான் கடைசி டோஸ்’ என்று நாலு டோஸாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பயம், வேறென்ன.

4

அந்தச் சனிக்கிழமை காலையில் கரண்ட் போனது. மருந்து கெட்டுவிடுமே என்று டேரில் அதை ஃப்ரீசருக்கு மாற்றினான். கரண்ட் வந்தது, அவன் மறந்தான். சாயங்காலம் பார்த்தால் ஊசிக்குள் மருந்து கல்லாக உறைந்திருந்தது.

“அய்யோ டேரில்! ஃப்ரீஸ் ஆனா மருந்து போச்சு. லேப்ல தினம் இதையேதான் எல்லார்கிட்டயும் கத்தறேன்!”

“ஹௌதா? நிஜமாவா? ஜில்லுனு இருந்தா நல்லதுன்னு நெனச்சேன் லீனா.” அவன் முகம் தொங்கிப்போனது.

இங்கே எனக்குச் சந்தேகம். அவள் ஊசியை நிறுத்தட்டும் என்று வேண்டுமென்றே செய்தான் என ஒரு வரைவு எழுதி லீனாவிடம் நீட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். “அவருக்கு அவ்ளோ சாமர்த்தியம் இருந்தா நான் எப்பவோ அம்மா ஆகியிருப்பேன் அக்கா!” சரி, அந்த வரைவு குப்பைக்குப் போயிற்று.

5

முடிவு ஒன்று: திங்களன்று புது ஊசி வாங்கி— [மனம் வரவில்லை.]

முடிவு இரண்டு: அடுத்த வருடம் தொட்டில்— [எனக்கு ஜோசியம் தெரியாது.]

நடந்தது இவ்வளவுதான். லீனா காலண்டரில் அன்றைய தேதியை வட்டமிட்டாள். “இன்னைலேர்ந்து மூணு மாசம் எண்ணிக்கோ. திங்கக்கிழமை டாக்டர்கிட்ட சொல்லிடறேன்.”

“கை வீங்கினா?”

“வீங்கலாம். பயமாத்தான் இருக்கு டேரில். ஆசை அதைவிட ஜாஸ்தியா இருக்கு.”

இன்றோடு பதினொரு நாள். மிச்சத்துக்கு நான் எங்கே போவேன்? முடிவை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அழவைக்கிற முடிவாக இருந்தால் மட்டும், எதிர்வீட்டுக் கதவைத் தட்டி அவள் முகத்துக்கு நேரே நீங்களே சொல்லுங்கள். என்னால் ஆகாது, எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது.